விசை ஒன்று, பணி பல

உத்தியோகத்தின் பொருட்டோ வாணிகத்தின் பொருட்டோ தமிழகத்திற்கு வெளியே குடியேறி வாழ்கின்ற நம்மவருக்கு ஒரு மொழியை மட்டும் கொண்டு நாளைக் கழிக்க இயலாது. அலுவலகக் கோப்பில் இந்தி, மராத்தி, கன்னடம், வங்காளம் இவற்றுள் ஒன்று. வங்கிக்கும் மேலிடத்திற்கும் ஆங்கிலம். ஊரிலுள்ள பெற்றோருக்கும் தமிழ்ச் சங்கத்துச் சுற்றறிக்கைக்கும் தமிழ். மொழிகள் மூன்றாயினும் எழுதுகின்ற கருவி ஒன்றே. மேசைமீதுள்ள கணிப்பொறியின் விசைப்பலகையே அது. அரைப்பக்கம் எழுதிவிட்டு நிமிர்ந்து திரையை நோக்கினால், தமிழ் நிற்கவேண்டிய இடத்தில் நாகரி எழுத்துக்கள் அணிவகுத்து நிற்பதைக் காணாதவர் நம்முள் அரியர். இத்தொல்லைக்குச் சலித்தே பலர் தமிழையும் ஆங்கில எழுத்தில் எழுதத் தலைப்பட்டுவிட்டனர். அவ்வளவு தூரம் போகவேண்டிய அவசியமில்லை என்பது நமது அபிப்பிராயம். ஒரே விசையை ஒரு செயலியில் ஒருவிதமாகவும் மற்றொரு செயலியில் வேறுவிதமாகவும் பணிபுரியச் செய்யக் கணிப்பொறிக்கு நன்றாகத் தெரியும். நாம் அதனிடம் சொல்வதில்லை, அவ்வளவே.

இது எவ்விதம் இயலுகிறது என்பதை அறியப் பழைய தட்டச்சுப் பொறியை ஒருமுறை நினைவுகூர்தல் நலம். அமெரிக்கரான கிறிஸ்டோபர் ஷோல்ஸ் 1868-ல் உரிமம் பெற்று, ரெமிங்டன் தொழிற்சாலையார் 1874-ல் விற்பனைக்குக் கொணர்ந்த பொறியில், விசைக்கும் எழுத்துக்கும் இடையே இருந்தது இரும்புக் கம்பி. விசையை அழுத்தினால் கம்பி எழும். கம்பியின் முனையில் வார்த்திருந்த எழுத்து தாளில் பதியும். அவ்வெழுத்தை மாற்றவேண்டுமாயின் அரத்தையும் பற்றுக்கோலையும் எடுக்கவேண்டும். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆர். முத்தையா அவர்கள் தமிழ்த் தட்டச்சுப் பொறியை அமைத்தபோதும் இதே கட்டுப்பாட்டிற்குள் நின்றே நமது எழுத்துக்களைச் சில பத்து விசைகளில் அடக்கவேண்டியிருந்தது. அந்நாளில் விசையும் எழுத்தும் பிரிக்கவொண்ணாதவை.

கணிப்பொறியில் அக்கம்பி அறுந்துவிட்டது. ஆங்கில 'கே' எழுத்து பொறித்த விசையை நாம் அழுத்தும்போது, பலகை கணிப்பொறிக்கு 'கே' என்று சொல்வதில்லை. இக்காலத்து யு.எஸ்.பி. பலகையாயின் '14' என்னும் எண்ணைச் சொல்கிறது. இத்தனையாவது விசை அழுத்தப்பட்டது, இப்போது விடப்பட்டது என்பதற்கு மேல் பலகைக்கு ஒன்றும் தெரியாது. மேலே அச்சிட்ட எழுத்து நமது கண்ணுக்காகவே உள்ளது. அவ்வெண்ணை எழுத்தாக்குவது இயங்குதளம் வைத்திருக்கும் ஓர் அட்டவணை. ஆங்கில அட்டவணை முன்னிருந்தால் 14 என்பது 'கே'. தமிழ் அட்டவணை முன்னிருந்தால் வேறொன்று. பின்னர் அவ்வெழுத்து அந்நேரத்தில் திரையில் முன்னிற்கும் சாளரத்திற்கு அனுப்பப்படுகிறது. ஆக, பலகைக்கும் சாளரத்திற்கும் இடையே ஓர் இடைவெளி இருக்கிறது. நாம் செய்யவிருக்கும் மாற்றங்கள் பெரும்பாலும் அவ்விடைவெளியில் நிகழ்பவை.

'தமிழ்' என்னும் சொல்லையே எடுத்துக்கொள்வோம். இந்தியத் தர நிறுவனத்தின் 1991-ஆம் ஆண்டுத் தரத்தில் இடம்பெற்ற இன்ஸ்கிரிப்ட் முறையில் அதனை எழுத, ஆங்கிலப் பலகையின்படி எல், சி, எஃப், ஷிஃப்டுடன் பி, டி ஆகிய விசைகளை அழுத்தவேண்டும். தமிழ்நாடு அரசு 1999-ல் ஏற்றுக்கொண்ட தமிழ் 99 முறையிலோ எல், கே, எஸ், சாய்கோடு, எஃப். பழைய தட்டச்சு முறையைத் தழுவிய பாமினி எழுத்துருவிலோ ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி. இன்ஸ்கிரிப்டில் க என வரும் 'கே' விசை, மற்ற இரண்டிலும் ம என வருகிறது. விரல் ஒன்றுதான், அட்டவணை மூன்று.

இவ்விடத்தில் வெளிமாநிலத்தார் சிறப்பாக நினைவில் கொள்ளவேண்டிய ஒரு செய்தி உண்டு. இன்ஸ்கிரிப்ட் முறை இந்திய மொழிகள் பலவற்றிற்கும் பொதுவாக வகுக்கப்பட்டது. இந்தியின் க எந்த விசையோ அதே விசைதான் கன்னடத்தின் க, வங்காளத்தின் க, தமிழின் க. பள்ளியில் இந்தியையோ கன்னடத்தையோ இம்முறையில் எழுதப் பழகிய குழந்தை தமிழ் எழுதப் புதிதாக விரல் பழக வேண்டுவதில்லை. தமிழ் 99 தமிழுக்கென்றே அமைந்தது. க என்னும் விசையை இருமுறை தட்டினால் முதலெழுத்து தானே புள்ளி பெற்று 'க்க' ஆகிவிடும். வேகத்தில் அதுவே மேலானது என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் இரண்டு இந்திய மொழிகளில் எழுதியாகவேண்டிய இளைஞருக்கு இன்ஸ்கிரிப்டையே நாம் சொல்வோம். தமிழ் 99-ல் ஊறிப்போன பெரியவர்கள் அதை விடவேண்டியதில்லை. அவர்களுக்குத்தான் பின்வரும் ஏற்பாடுகள் மிகவும் பயன்படும்.

சாளரத்துக்குச் சாளரம் விசையின் பொருள் மாறுவது புதுமையுமன்று. கண்ட்ரோல் விசையுடன் 'டி' விசையை அழுத்துவோம். மைக்ரோசாஃப்ட் வேர்டில் எழுத்துருப் பெட்டி திறக்கிறது. எக்ஸெலில் மேலுள்ள கட்டத்தின் செய்தி கீழ்க்கட்டத்தில் நிரம்புகிறது. உலாவியில் அப்பக்கம் அடையாளக் குறிப்பில் சேர்கிறது. லினக்ஸின் கட்டளைச் சாளரத்தில் 'உள்ளீடு முடிந்தது' என்று பொருளாகி, அச்சாளரமே மூடிக்கொள்ளலாம். ஒவ்வொரு செயலியும் தன் இல்லத்தில் தன் வழக்கத்தையே பின்பற்றுகிறது. நமது தேவைக்கேற்ப அவ்வழக்கத்தைத் திருத்துவதே இங்கு நாம் பேசும் விசைமாற்றம்.

முதலில் மொழியைக் கவனிப்போம். விண்டோஸ் 7 வரையில் ஒவ்வொரு சாளரமும் தனக்குரிய மொழியைத் தானே நினைவில் வைத்திருந்தது. 2012-ல் வெளிவந்த விண்டோஸ் 8 முதல் மொழித் தேர்வு கணிப்பொறி முழுமைக்கும் பொதுவாயிற்று. ஓரிடத்தில் தமிழுக்கு மாறினால் எல்லாவிடத்தும் தமிழே. ஒருமொழிக்காரருக்கு இது வசதி, நமக்கு இடையூறு. ஆனால் பழைய வழக்கத்தை மீட்கும் வழியை அகற்றிவிடவில்லை. விண்டோஸ் 11-ல் 'செட்டிங்ஸ்' திறந்து, 'டைம் அண்ட் லாங்குவேஜ்' பகுதியில் 'டைப்பிங்' என்பதையும், அதனுள் 'அட்வான்ஸ்ட் கீபோர்டு செட்டிங்ஸ்' என்பதையும் அடைந்தால், ஒவ்வொரு செயலிச் சாளரத்திற்கும் தனி உள்ளீட்டு முறையை அனுமதிக்கும் ஒரு கட்டம் காணப்படும். அதில் குறியிட்டால் போதும். அதன்பின் வேர்டில் தமிழ், கோப்பு எழுதும் சாளரத்தில் இந்தி, அஞ்சலில் ஆங்கிலம் என ஒருமுறை அமைத்துவிட்டால், சாளரம் மாறுந்தோறும் மொழியும் உடன் மாறும். பணம் செலவில்லை, புதிய மென்பொருள் எதுவும் வேண்டாம். பாதிப் பேருக்கு மேலே ஒன்றும் தேவைப்படாது என்றே நாம் கருதுகிறோம்.

இவ்வேற்பாட்டிற்கு ஓர் இயற்கையான எல்லை உண்டு. உலாவி என்பது எத்தனை பக்கங்களைத் திறந்து வைத்திருப்பினும் ஒரு சாளரம் ஒரு சாளரமே. அதன் ஒரு பக்கத்தில் தமிழில் மடல் எழுதிக்கொண்டிருந்துவிட்டு அடுத்த பக்கத்தில் வங்கிக் கடவுச்சொல்லை இட்டால், அங்கும் தமிழ் அட்டவணையே தொடரும். கடவுச்சொல்லோ புள்ளிகளாகவே தெரியும். பிழை கண்ணுக்குப் புலனாகாது. மும்முறை தவறினால் கணக்கைப் பூட்டிவிடும் வங்கிகள் உண்டு. ஊரில் மருத்துவமனைக்குப் பணம் அனுப்பவேண்டிய இரவில் இவ்விதம் பூட்டப்பட்டால் நேரும் சங்கடத்தை விவரிக்கத் தேவையில்லை. ஆகவே, வங்கிக்கென ஓர் உலாவியைத் தனியே ஒதுக்கி, அதனை என்றும் ஆங்கிலத்திலேயே வைத்திருப்பது நன்று. ஒரே கணிப்பொறியில் இரண்டு உலாவிகள் இருப்பதற்கு இதைவிடச் சிறந்த காரணம் வேண்டாம்.

அடுத்தது, செயலி தன்னுள்ளேயே அளிக்கும் மாற்றம். லிபர்ஆபீஸில் 'டூல்ஸ்' பட்டியலில் 'கஸ்டமைஸ்' என்பதைத் திறந்து 'கீபோர்டு' பக்கத்திற்குச் சென்றால், மேல்மூலையில் இரண்டு பெயர்கள் காணப்படும்: ஒன்று லிபர்ஆபீஸ், மற்றொன்று ரைட்டர். முன்னதைத் தேர்ந்தால் மாற்றம் அத்தொகுப்பின் எல்லாச் செயலிகளுக்கும் செல்லும். பின்னதைத் தேர்ந்தால் ரைட்டர் மட்டும் மாறும், கணக்குத்தாள் அப்படியே இருக்கும். வேர்டிலும் 'ஆப்ஷன்ஸ்' பகுதியில் 'கஸ்டமைஸ் ரிப்பன்' பக்கத்தின் அடியில் இதற்குரிய பொத்தான் இருக்கிறது. நாம் கொடுக்க எண்ணும் விசை முன்னமே எந்த வேலைக்குரியது என்பதையும் அப்பெட்டியே காட்டிவிடும். மாற்றத்தை எல்லா ஆவணங்களுக்கும் வைப்பதா, கையிலுள்ள ஆவணத்துடன் நிறுத்துவதா என்றும் அது வினவும். ரூபாய்க் குறியை அடிக்கடி எழுதுவோர் 'சிம்பல்' பெட்டியிலிருந்தே அக்குறிக்கு ஒரு விசையை நியமித்துக்கொள்ளலாம்.

செயலியினுள்ளே வசதி இல்லாதபோதுதான் மூன்றாமவரை நாடவேண்டும். பலகைக்கும் சாளரத்திற்கும் நடுவில் அமர்ந்து, வரும் எண்களையெல்லாம் பார்வையிடும் சிறு மென்பொருள்கள் உள்ளன. அஞ்சல் நிலையத்தில் கடிதங்களைப் பிரித்தடுக்கும் ஊழியரைப் போன்றவை இவை. 14 என்னும் எண் வருகிறது; முன்னிற்பது எந்தச் சாளரம் என்று பார்க்கின்றன; விதிப்பட்டியலில் அச்சாளரத்தின் பெயர் இருந்தால் வேறு எண்ணாக்கி அனுப்புகின்றன; இல்லையேல் வந்தபடியே விட்டுவிடுகின்றன. விண்டோஸில் மைக்ரோசாஃப்ட் நிறுவனமே இலவசமாக அளிக்கும் பவர்டாய்ஸ் தொகுப்பில் 'கீபோர்டு மேனேஜர்' என்னும் பகுதி இப்பணியைச் செய்கிறது. குறுக்குவிசை ஒன்றை மாற்றும்போது அருகே செயலியின் பெயரை எழுத ஓர் இடம் விடப்பட்டிருக்கும். வெறுமையாக விட்டால் எல்லாச் செயலிகளுக்கும். பெயர் எழுதினால் அதற்கு மட்டும். எழுதவேண்டியது திரையில் காணும் அழகிய பெயரன்று, உள்ளே வழங்கும் நிரற்பெயர். வேர்டுக்கு 'வின்வேர்ட்' என்பது அத்தகைய பெயர். 'டாஸ்க் மேனேஜர்' திறந்து விவரப் பக்கத்தில் பார்த்தால் எச்செயலியின் பெயரும் கிடைக்கும்.

தனி விசைக்கும் நிபந்தனை விதித்து, அதற்குப் பலவிதப் பணிகளையும் கொடுக்க விரும்புவோர்க்கு ஆட்டோஹாட்கீ உள்ளது. 2003 முதல் வழங்கிவரும் இலவச மென்பொருள் இது. இதன் இரண்டாம் பதிப்பு 2022 இறுதியில் நிறைவெய்தியது. விதிகளைச் சாதாரண எழுத்துக் கோப்பில் எழுதிவைத்தல் இதன் முறை. 'இன்ன செயலியின் சாளரம் முன்னிற்குமாயின்' என்று ஒரு நிபந்தனை வரி; அதன்கீழ் விசை விதிகள்; பின்னர் நிபந்தனையை முடிக்கும் வெற்று வரி. அம்முடிவு வரியை விட்டுவிட்டால் கீழே தொடரும் விதிகள் யாவும் அச்செயலிக்கே உரியனவாகிவிடும். சாளரத்தின் தலைப்பிலுள்ள சொற்களைக்கொண்டும் நிபந்தனை விதிக்கலாமாதலின், உலாவியின் ஒரு பக்கத்தையும் மற்றொரு பக்கத்தையும் இதனால் ஓரளவு பிரித்தறிய முடியும்.

இதற்கு நாம் தேர்ந்தெடுக்கும் உதாரணம் 'கேப்ஸ் லாக்' விசை. தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்னும் பேதமில்லை. இந்தியிலும் கன்னடத்திலும் இல்லை. எனவே இந்திய மொழி எழுதுகையில், இடக்கைச் சுண்டுவிரலுக்கு அருகே சிறந்த இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும் இவ்விசைக்கு வேலையே கிடையாது. 1981-ஆம் ஆண்டு ஐ.பி.எம். கணிப்பொறியில் அவ்விடத்தில் இருந்தது கண்ட்ரோல் விசை. பின்வந்த பலகையில்தான் கேப்ஸ் லாக் அங்குக் குடியேறியது. இவ்விசையை மொழிமாற்றும் விசையாக்கினால், இரு விரல் கொண்டு செய்யும் வேலை ஒரு விரலில் முடியும். ஆனால் கணிப்பொறி முழுமைக்கும் அவ்வாறு செய்துவிட்டால் வேறொரு தொல்லை முளைக்கும். வருமான வரி, கடவுச்சீட்டு, பள்ளிச் சேர்க்கை என எத்தனையோ படிவங்களைப் பெரிய ஆங்கில எழுத்தில் நிரப்பவேண்டியிருக்கிறது. அங்கு கேப்ஸ் லாக் தன் பழைய வேலையைச் செய்யவேண்டும். ஆகவே விதியை வேர்டுக்கு மட்டும் எழுதுகிறோம்: 'வேர்டின் சாளரம் முன்னிற்குமாயின் கேப்ஸ் லாக் என்பது விண்டோஸ் விசையும் இடைவெளி விசையும் சேர்ந்ததாகுக.' உலாவிக்குச் சென்றதும் அது மீண்டும் கேப்ஸ் லாக். வேர்டினுள்ளேயே பெரிய எழுத்து வேண்டின், ஷிஃப்டை அழுத்திக்கொண்டு அதனைத் தட்டலாம். இவ்விதி அப்போது குறுக்கிடாது.

கணிப்பொறி முழுமைக்கும் விசையை மாற்றும் வழியும் விண்டோஸில் உண்டு. பதிவேட்டில் விசை எண் அட்டவணை ஒன்றை எழுதி, கணிப்பொறியை மீண்டும் துவக்கினால், அம்மாற்றம் எல்லாப் பயனர்களுக்கும் எல்லாச் செயலிகளுக்கும் நிலைத்துவிடும். உடைந்த விசைக்கு மாற்று ஏற்பாடு செய்ய அது தக்கது. வேறு காரணத்திற்கு அதனை நாம் பரிந்துரைப்பதில்லை. வீட்டில் தகப்பனாரும் மகளும் ஒரே கணிப்பொறியில் உழைக்கின்றனர். அலுவலகத்திலோ ஒருவர் எழுந்ததும் மற்றொருவர் அமர்கிறார். ஒருவருடைய சௌகரியம் அடுத்தவருடைய திகைப்பாகக் கூடாது. ஓர் அலுவலகத்தில் யாரோ செய்துவைத்த இத்தகைய மாற்றத்தால், புதிதாக வந்த எழுத்தர் பலகை பழுதென்று எண்ணி இரண்டு பலகைகளை மாற்றிப் பார்த்ததை நாமறிவோம். பழுது பலகையில் இருந்தாலன்றோ பலகையை மாற்றித் தீரும்!

விசைமாற்றத்தைத் தன்னுள்ளேயே நினைவில் வைத்திருக்கும் விலையுயர்ந்த பலகைகளும் கடைகளில் கிடைக்கின்றன. அவை நல்லவையே. ஆயினும் திரையில் முன்னிற்பது எச்செயலி என்பதைப் பலகை தானாக அறியாது. ஆதலின் செயலிக்கேற்ற மாற்றத்திற்கு அவை தனித்துப் போதா.

மேக் கணிப்பொறி வைத்திருப்போர்க்கு வழி எளிது. அமைப்புகளில் 'கீபோர்டு ஷார்ட்கட்ஸ்' பகுதியில் செயலிக்கென்றே ஒரு பிரிவு உண்டு. செயலியைத் தேர்ந்து, பட்டியலிலுள்ள கட்டளையின் பெயரைப் புள்ளி பிசகாமல் எழுதி, விசையைக் கொடுத்தால் முடிந்தது. அதற்குமேல் வேண்டின் கரபினர்-எலிமென்ட்ஸ் என்னும் இலவச மென்பொருளில், முன்னிற்கும் செயலியைப் பொறுத்த நிபந்தனையை எழுதலாம். லினக்ஸில் கீடி, எக்ஸ்ரீமேப் என்பன இவ்வேலைக்கு உதவுகின்றன.

இனி, கவனிக்கவேண்டிய சில. கணிப்பொறியில் நுழையும் திரையில் பவர்டாய்ஸ், ஆட்டோஹாட்கீ போன்றவை இயங்குவதில்லை. அங்கு விசைகள் தம் பழைய வேலையையே செய்யும். கண்ட்ரோல், ஆல்ட், டெலீட் மூன்றும் சேர்ந்த கட்டளையை இவற்றால் மாற்றவும் இயலாது. பாதுகாப்பின் பொருட்டு இயங்குதளம் அதனைத் தன்வசமே வைத்துள்ளது. நிர்வாகியின் அதிகாரத்துடன் ஓடும் செயலியில் விதி பயன்படவேண்டுமாயின், இடையாளும் அதே அதிகாரத்துடன் ஓடவேண்டும். பார்வையற்றோர் பயன்படுத்தும் என்.வி.டி.ஏ. என்னும் திரைவாசிப்பு மென்பொருளுக்கு 'இன்சர்ட்' விசையே உயிர்நாடி. கேப்ஸ் லாக்கையும் அதற்குப் பதிலாக அமைத்துக்கொள்வோர் உண்டு. அத்தகையவர் உடன் பயன்படுத்தும் கணிப்பொறியில் இவ்விரண்டு விசைகளையும் கேளாமல் தொடுதல் அவர் கைக்கோலை ஒளித்துவைப்பதற்கு ஒப்பாகும்.

தட்டச்சுத் திறன் தேர்வு எழுதவிருக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. தேர்வு மையத்தில் அவர்கள் முன் இருப்பது மையத்தின் கணிப்பொறி. நமது விதிகள் அங்கு வாரா. எழுத்து விசைகளைத் தர அமைப்பின்படியே விட்டுவிட்டு, குறுக்குவிசைகளிலும் கேப்ஸ் லாக் போன்றவற்றிலும் மட்டும் மாற்றம் செய்துகொள்வது அவர்களுக்குப் பாதுகாப்பு.

அனைத்திலும் முக்கியமானது நம்பிக்கை பற்றியது. எல்லா விசைகளையும் பார்வையிடும் இடையாள், விரும்பினால் அவற்றை எழுதிவைத்துக்கொள்ளவும் கூடும். கடவுச்சொல்லும் அவ்வழியேதான் செல்கிறது. ஆகவே அதனை உருவாக்கியவரின் சொந்தத் தளத்திலிருந்தோ இயங்குதளத்தின் அங்காடியிலிருந்தோ அன்றி வேறெங்கிருந்தும் பெறலாகாது. நண்பர் பேனா டிரைவில் கொணர்ந்து தருவதையும் ஏற்கலாகாது. அலுவலகக் கணிப்பொறியாயின் அதற்குரிய அதிகாரியின் அனுமதி வேண்டும். அனுமதி கிட்டாவிடின் வருந்தவும் வேண்டாம். சாளரத்துக்குச் சாளரம் மொழியை மாற்றும் வசதியும், வேர்டும் லிபர்ஆபீஸும் தம்முள் தரும் வசதியும் வெளி மென்பொருள் எதையும் வேண்டுவன அல்ல.

இடமாற்ற உத்தரவு வந்து வேறு நகருக்குப் பெட்டி கட்டும்போது விதிக்கோப்பையும் உடன் எடுத்துச் செல்லலாம். ஆட்டோஹாட்கீயின் கோப்பு சில வரிகள் கொண்ட எழுத்துக் கோப்பாதலின், தமக்குத்தாமே மின்னஞ்சலில் அனுப்பிவைத்துக்கொண்டால் புதிய கணிப்பொறியில் அப்படியே பயன்படும். பவர்டாய்ஸிலும் அமைப்புகளைக் காப்புப்படி எடுக்க வழியுண்டு. லிபர்ஆபீஸில் விசை அமைப்பைக் கோப்பாகச் சேமித்துப் பிறிதொரு கணிப்பொறியில் ஏற்றலாம். எந்தச் செயலியில் எந்த விசை மாறியுள்ளது என்பதை ஒரு துண்டுத் தாளில் எழுதிப் பலகையின் அடியில் ஒட்டிவைப்பது, அடுத்து அங்கு அமரவிருப்பவருக்கு நாம் செய்யும் உதவி.